பிள்ளை யாரோடு நிற்கிறது?

(கற்பிட்டியில் வாசகர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை. பேசியபடியே தரப்படுகிறது. இடையில் மின்சாரம் நின்றபோது நடந்த பகிடிப் பேச்சுகளை மட்டும் விட்டிருக்கிறோம்.)

முன்வரிசைக் கதிரைகள் சும்மா கிடக்கின்றன. பின்னால் நிற்கிற தம்பிமார் வந்து இருக்கலாம். மறியலைப் பற்றிப் பேச்சு என்று நோட்டீசில் போட்டால் ஆள் வராது என்று ஏற்பாட்டாளர்கள் பயந்தார்கள். வந்திருக்கிறீர்கள், ஆனால் வாசலுக்குக் கிட்டத்தான் நிற்கிறீர்கள். பரவாயில்லை. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்க யாருக்குத்தான் விருப்பம்?

நமது சட்டத் தமிழில் 'கட்டுக்காப்பு' என்று ஒரு சொல் இருக்கிறது. பொலிசார் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தால் அவர் பொலிஸ் கட்டுக்காப்பில் இருக்கிறார். தாயும் தகப்பனும் பிரிந்து, பிள்ளை தாயிடம் இருக்கட்டும் என்று நீதிமன்றம் சொன்னால் பிள்ளை தாயின் கட்டுக்காப்பில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல். தொழிலுக்கு வந்த புதிதில் இதை மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன். பிறகுதான் சிரிப்பு நின்றது. தகப்பன் முதலாவது கட்டுக்காப்புக்குள் போகிற அதே இரவில் பிள்ளை இரண்டாவதற்குள் போய்விடுகிறது. தகப்பனுடையதற்குக் கட்டளை உண்டு, திகதி உண்டு, பதிவேடு உண்டு, 14 நாளைக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்க ஒரு நீதவானும் உண்டு. பிள்ளையுடையதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூடக் கிடையாது. யாரோ ஒருவரின் வீட்டில் அது நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கரையில் வீட்டு ஆம்பிளை காணாமல் போவதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று கடல். பலநாள் கலத்தில் போனவன் மூன்று வாரம், நான்கு வாரம் கழித்துத்தான் வருவான். இரண்டாவது வெளிநாடு. வென்னப்புவப் பக்கம் போனால் இத்தாலி, இங்கே கட்டார், குவைத், சவூதி. அதில் ஆம்பிளை பொம்பிளை வித்தியாசம் இல்லை, உம்மாமாரும் போகிறார்கள். மூன்றாவது மறியல். முதல் இரண்டுக்கும் நம்மிடம் பழகிப்போன ஏற்பாடுகள் இருக்கின்றன. கலம் எப்போது திரும்பும் என்று கரையில் கேட்டால் தெரியும். வெளிநாட்டுக்குப் போனவர் வெள்ளிக்கிழமை வீடியோவில் முகம் காட்டுவார், மாதம் முடியக் காசு வரும். மூன்றாவதற்கு ஏற்பாடு எதுவும் இல்லாததால் அதை இரண்டாவது மாதிரி வேடம் போட வைக்கிறோம். "வாப்பா எங்க?" என்று கேட்கிற பிள்ளைக்கு, "வாப்பா கட்டாருக்குப் போயிருக்காரு" என்று சொல்கிறோம். இந்த ஊரில் அந்தப் பொய் நன்றாக வேலை செய்யும். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வாப்பாவோ உம்மாவோ உண்மையாகவே அங்கேதானே இருக்கிறார்கள்! ஏன் வீடியோவில் வருகிறார் இல்லை என்று பிள்ளை கேட்கிற வரைக்கும் அது ஓடும்.

வெளிநாட்டுக் கதையை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டில் அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக விரும்பும் தாய் 'குடும்பப் பின்னணி அறிக்கை' ஒன்று எடுக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. பிள்ளைகளை யார் பார்ப்பார், அந்த ஆளுக்கு என்ன வயது, வீடு எப்படி, எல்லாவற்றையும் பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் வந்து விசாரித்து எழுத வேண்டும். அந்த விதி பெண்களை மட்டும் பிடித்தது, ஆண்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதனால் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன, அந்த எதிர்ப்பு நியாயம். 2022இல் பொருளாதாரம் விழுந்து டொலர் தேவைப்பட்டபோது ஐந்து வயது இரண்டு வயதாகக் குறைந்தது. டொலருக்கு முன்னால் பிள்ளையின் வயதுகூடக் குறையும் போலிருக்கிறது.

நான் பிடித்துக்கொள்கிற இடம் வேறு. ஒரு தாய் தன் விருப்பத்தில் இரண்டு வருடம் வேலைக்குப் போவதென்றால் பிள்ளை யாரோடு நிற்கும் என்று அரசாங்கம் வீடு தேடி வந்து கேட்கிறது. அதே தாயையோ தகப்பனையோ அதே அரசாங்கம் இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்தக் கேள்வியைக் கேட்பார் இல்லை. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், முன்குற்றம் எல்லாம் கேட்கிறார்கள். வீட்டில் பிள்ளை இருக்கிறதா, இப்போது அது யாரோடு நிற்கிறது என்று கேட்பதில்லை. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்கான விளக்கம்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் சொல்லப்போவதில்லை, அடையாளம் தெரியாமலிருக்க இரண்டொரு விவரத்தை மாற்றியும் இருக்கிறேன். என் கந்தோருக்கு ஒரு மூத்தம்மா வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் இரண்டு பிறப்புச் சான்றிதழ், ஒரு கிளினிக் அட்டை, மகளின் கடவுச்சீட்டுப் பிரதி. மகள் குவைத்தில். மருமகன் ஐஸ் போதைப்பொருள் வழக்கில் விளக்கமறியலில். நான் பிணைக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "உம்மா, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஐஸ் வழக்கில் பிணை லேசில்லை. ஐந்து கிராமுக்கு மேலே என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் என்கிற அளவுக்குச் சட்டம் போயிருக்கிறது" என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அது கிடக்கட்டும் மகன். எனக்கு பேத்திய எடுத்துத் தாங்க."

நடந்தது இதுதான். மருமகனைப் பிடித்த மூன்றாவது வாரம் அவனுடைய மூத்த சகோதரி வந்து நான்கு வயதுப் பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "பொம்பிளப் புள்ள, வாப்பா பக்கத்துல வளரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது வயதுப் பையனை விட்டுவிட்டார். அண்ணனும் தங்கச்சியும் இரண்டு ஊரில். மூத்தம்மா முதலில் காதியாரிடம் போயிருக்கிறார். இது தன்னுடைய அதிகாரத்தில் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். சரியாகத்தான் சொன்னார். விவாகரத்து, தாபரிப்பு எல்லாம் காதி நீதிமன்றத்தில் பார்க்கலாம், பிள்ளையின் கட்டுக்காப்பைப் பார்க்க முடியாது. இது இங்கே பலருக்குத் தெரியாது, தெரியாமல் மாதக்கணக்கில் அலைகிறார்கள். பிறகு பொலிசுக்குப் போயிருக்கிறார். குடும்பப் பிரச்சினை, கோட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் என்னிடம் வந்தார்.

சட்டம் அவருக்கு ஆதரவாக இருந்தது. முஸ்லிம் சட்டத்தில் சின்னப் பிள்ளைகளை வளர்க்கும் உரிமை முதலில் தாய்க்கு, தாய் இல்லாவிட்டால் தாயின் தாய்க்கு. தகப்பனின் சகோதரி அந்த வரிசையில் பின்னுக்குத்தான் வருவார். அந்த வரிசைக்கு மேலே பிள்ளையின் நலன் என்ற அளவுகோலையும் நமது நீதிமன்றங்கள் வைத்திருக்கின்றன. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம், அல்லது ஆட்கொணர்வு மனுவோடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

உடப்பிலிருந்து வந்திருக்கிறவர்கள் உங்களுக்கு என்ன சட்டம் என்று கேட்பீர்கள். தேசவழமை வடக்குக்கு உரியது, இங்கே அது இல்லை. உங்களுக்கு ரோமன் டச்சுச் சட்டம். இந்தக் கூட்டம் முடிந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் ஒரு கோட்டை தெரியும், 1667இல் தொடங்கி 1676இல் ஒல்லாந்தர் கட்டி முடித்தது. 1795இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். நான்கு வருடம் கழித்து, 1799இல், ஒல்லாந்தர் காலத்துச் சட்டமே தொடரும் என்று பிரகடனம் செய்தார்கள். கோட்டைக்குள் இப்போது கடற்படை முகாம் இருக்கிறது. சட்டம் நமது மாவட்ட நீதிமன்றங்களுக்குள் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் தகப்பன்தான் பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர். மறியலுக்குப் போனதால் மட்டும் அந்த உரிமை போகாது. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். பிள்ளை அம்மம்மாவோடு நிற்கும், சோறு அவர் போடுவார், காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்கு அவர் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஆனால் கடவுச்சீட்டு எடுக்கப் போனால் தாய் தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். தகப்பனின் கையெழுத்து மதிலுக்கு உள்ளே இருக்கும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது, வழக்குப் போடுவதற்கு முன்னால் உள்ளே இருப்பவரிடம் ஒரு சத்தியக்கடதாசி வாங்குங்கள் என்பதுதான். 'எனது பிள்ளைகள் இன்னாரோடு நிற்பதற்கு எனக்குச் சம்மதம், பாடசாலை, வைத்திய விடயங்களில் அவர் முடிவெடுக்கலாம்' என்று. அது நீதிமன்றக் கட்டளை ஆகாது. ஆனாலும் அதிபரின் மேசையிலும் கிராம உத்தியோகத்தரின் மேசையிலும் அதற்கு ஒரு பாரம் உண்டு. பிறகு வழக்கு என்று வந்தால் சான்றாகவும் நிற்கும். பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம், 1978 முதல் அது இருப்பதே அதற்காகத்தான்.

அந்தக் கடதாசிக்காகத்தான் நான் மருமகனைப் பார்க்கப் போனேன். சட்டத்தரணிக்குத் தனி இடம் தருவார்கள், மேசை கதிரையோடு. அன்றைக்கு வேலை முடிந்த பிறகு, மூத்தம்மாவும் பையனும் பார்வையாளர் வரிசையில் நிற்பதைக் கண்டு நானும் போய்ப் பின்னால் நின்றேன். எந்தச் சிறைச்சாலை என்று சொல்லப்போவதில்லை. சோற்றுப் பார்சலைக் காவலாளி பிரித்துக் குச்சியால் கிளறிப் பார்த்தார். வாழைப்பழத்தை நடுவால் வெட்டினார். அவர் கடமை அது, நான் குறை சொல்லவில்லை. ஐஸ் எதற்குள்ளெல்லாம் வருகிறது என்று அவருக்குத் தெரியும். உள்ளே போனால் ஒரு கம்பிவலை, ஒரு முழத்துக்கு அதிகமான இடைவெளி, பிறகு இன்னொரு கம்பிவலை. இந்தப் பக்கம் பதினைந்து பேர், அந்தப் பக்கம் பதினைந்து பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். மீன் ஏலத்தில்கூட ஒருவர் கத்தும்போது மற்றவர் கொஞ்சம் கேட்பார்.

பையன் கணக்குச் சோதனைத் தாளைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான். அதை எடுத்து வலையில் ஒட்டிப் பிடித்தான். இரண்டு வலைக்கு அப்பால் இருந்து யாருக்கு வாசிக்க முடியும்? "எத்தின?" என்று தகப்பன் சைகையில் கேட்டான். "எண்பத்தாறு!" என்று பையன் கத்தினான். பக்கத்தில் ஒரு பெண் லோயர் காசைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். தகப்பனுக்குக் கடைசிப் பாதிதான் கேட்டிருக்கிறது. முகம் விழுந்துவிட்டது. "ஆறா?" என்றான். "ஆறு இல்ல வாப்பா, எண்பத்தாறு!" இரண்டாவது தடவையும் சரியாகப் போகவில்லை. மூன்றாவது தடவை பையன் விரலில் காட்டத் தொடங்கினான். எட்டு விரல், பிறகு ஆறு விரல். நேரம் முடிந்துவிட்டது. எட்டும் ஆறும் பதினான்கு என்று தகப்பன் எடுத்துக்கொண்டானோ என்னவோ, எனக்குத் தெரியாது.

'பிள்ளைக்குப் பெற்றோரைச் சந்திக்கும் உரிமை' என்று சட்டப் புத்தகத்தில் வாசிக்கும்போது எனக்கு இப்போது அந்தத் தாள்தான் ஞாபகம் வருகிறது. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை அந்த உரிமையைச் சொல்கிறது. அதன் நான்காம் பந்தி இன்னும் ஒரு படி போகிறது. பெற்றோரைப் பிரித்தது அரசாங்கத்தின் செயல் என்றால், அவர் எங்கே இருக்கிறார் என்ற தகவலை, கேட்டால், அரசாங்கம் பிள்ளைக்கோ குடும்பத்துக்கோ கொடுக்க வேண்டும். நடைமுறையில் ஒருவரை எந்தச் சிறைக்கு மாற்றினார்கள் என்று பார்வையாளர் வரிசையில் நிற்கும்போதுதான் பல குடும்பங்களுக்குத் தெரிய வருகிறது. சிறையிலிருப்போர் எண்ணிக்கை இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவர்களில் பெரும்பகுதி தண்டனை பெறாத விளக்கமறியல்காரர். இடமில்லாத இடத்தில் மாற்றங்கள் நடக்கத்தான் செய்யும். ஆனால் கற்பிட்டிப் பிள்ளையின் தகப்பனை வாரியபொலவில் வைத்தால் போக வர இருநூறு கிலோமீட்டருக்கு மேல். புத்தளத்தில் இறங்கிக் குருணாகல் பஸ் ஏற வேண்டும், பாடசாலை ஒருநாள் போகும், மூத்தம்மாவின் ஒருநாள் கூலி போகும். கைதி பெண்ணென்றால் நீர்கொழும்பு அல்லது வெலிக்கடை வரைக்கும் போக வேண்டி வரும். ஐக்கிய நாடுகள் சபையின் நெல்சன் மண்டேலா விதிகளில் 59ஆவது, முடிந்த அளவுக்கு வீட்டுக்குக் கிட்ட வையுங்கள் என்கிறது.

நமது பிள்ளைகள் தகப்பனைக் கிட்டத்தில் காணும் இடம் சிறைச்சாலைகூட இல்லை, நீதிமன்ற வாசல். தவணை நாளில் சிறை பஸ் வரும் நேரம் தெரிந்து வைத்துக்கொண்டு குடும்பங்கள் மதிலோரம் நிற்கும். இறங்கி உள்ளே போகும் அந்த இருபது அடியில், கை விலங்கோடு, பிள்ளையின் தலையில் கை வைக்க முடிந்தால் அதிர்ஷ்டம். கொரோனாவுக்குப் பிறகு சில தவணைகள் காணொளி மூலம் நடப்பதால் அந்த இருபது அடியும் குறைந்துவிட்டது. புத்தாண்டு, வெசாக், நோன்புப் பெருநாள், நத்தார் தினங்களில் விசேட சந்திப்புக்கு விடுகிறார்கள், அது நல்ல காரியம். ஆனால் ஒரு பிள்ளைக்கு வருடம் முழுக்கப் பெருநாள் வருவதில்லை.

விவாகரத்து வழக்குகளில் எழுதப்படும் சந்திப்புக் கட்டளைகளையும் பாருங்கள். 'சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைத்து மாலை 5 மணிக்குத் திரும்பப் பெறுதல்'. தகப்பனுக்கு ஒரு வீடும் ஒரு விறாந்தையும் இருக்கிறது என்று நம்பி எழுதப்பட்டவை அவை. அவன் மறியலுக்குப் போன நாளிலிருந்து அந்தக் கட்டளை செத்த கடதாசி. யாரும் அதை ரத்துச் செய்வதுமில்லை, மாற்றி எழுதுவதுமில்லை. மாதத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு, பாடசாலை அறிக்கையின் பிரதி ஒன்று தபாலில், தவணைக்கு ஒரு சந்திப்பு, கூட்டிக்கொண்டு போகும் பொறுப்பு இன்னாருக்கு என்று எழுதலாம். கேட்டால் எழுதுவார்கள். கேட்பதற்கு நாங்கள், சட்டத்தரணிமார், பழகவில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் எல்லாத் தகப்பனையும் காட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாயை அடித்துக் கையை முறித்ததற்காக உள்ளே இருப்பவனிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ என்று தாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது. 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்புக் கட்டளை அதற்காகத்தான் இருக்கிறது. பிள்ளையே போக மாட்டேன் என்று சொன்னால் அதையும் கேட்க வேண்டும். ஆனால் அதைத் தீர்மானிக்க முதலில் யாராவது பிள்ளையிடம் வந்து கேட்க வேண்டுமே!

தாயே மறியலுக்குப் போனால் கதை இன்னும் சிக்கல். கைக்குழந்தையானால் தாயோடு உள்ளே இருக்கலாம், இலங்கையில் ஐந்து வயது வரைக்கும். இந்தியாவில் ஆறு வயது. 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளின் சாப்பாடு, படிப்பு, வைத்தியம் பற்றி விரிவாகக் கட்டளை போட்டிருக்கிறது. ஐந்து வயது முடிகிற அன்றைக்குப் பிள்ளை எங்கே போகும்? உறவினர் இருந்தால் உறவினர், இல்லாவிட்டால் சிறுவர் இல்லம். நமது நாட்டுச் சிறுவர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

அதனால்தான் நம் சனம் நன்னடத்தை உத்தியோகத்தர் என்றால் பயப்படுகிறார்கள். "ஹோம்ல போட்டுருவாங்க" என்று பிள்ளையை ஒளிக்கிறார்கள். ஆனால் 1939ஆம் ஆண்டுச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையை நீதிமன்றம் பொருத்தமான ஓர் உறவினரிடமே ஒப்படைக்கலாம். மூத்தம்மாவின் பெயரிலேயே கட்டளை வாங்கலாம், பிள்ளை ஒரு பாயை விட்டு இன்னொரு பாய்க்குக்கூட மாறத் தேவையில்லை. என் வழக்கிலே கடைசியில் காரியம் பார்த்தவர் ஒரு நன்னடத்தை உத்தியோகத்தர்தான். இரண்டு வீட்டுக்கும் போனார், பெண் பிள்ளை இரவில் அண்ணனைக் கேட்டு அழுவதைப் பார்த்தார், மாமியிடம் தகப்பனின் சத்தியக்கடதாசியை வாசித்துக் காட்டினார். மாமியும் கெட்டவர் இல்லை. தம்பியின் பிள்ளை நாதியற்று நிற்கக் கூடாது என்றுதான் கூட்டிப்போனார். இரண்டு வாரத்தில் தானே கொண்டுவந்து விட்டார், புதுச்சட்டை போட்டு. வழக்குப் போடவேண்டி வரவில்லை. என் கட்டணம் போனதுதான் நட்டம்.

கடலுக்கு அந்தப் பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2024 ஆகஸ்ட் 5ஆம் திகதி தூத்துக்குடி தருவைக்குளத்து மீனவர் 22 பேரை இரண்டு படகோடு நமது கடற்படை பிடித்தது. அதே வாரம் பாம்பன் நாட்டுப்படகுக்காரர் 35 பேர். புத்தளம் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விளக்கமறியலுக்குப் போனார்கள். 2018இல் திருத்திய வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டத்தில் அபராதம் கோடிக்கணக்குக்குப் போகிறது. தருவைக்குளத்தார் சிலருக்கு அப்படியே விழுந்தது, கட்டாவிட்டால் சிறை. எல்லை தாண்டி வருகிறவர்கள் மேல் நமது மீனவருக்கு இருக்கும் கோபம் எனக்குத் தெரியும், வடக்கில் இழுவைப் படகு அறுத்த வலைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபத்தை இங்கே பேசித் தீர்க்க முடியாது. ஆனால் பாம்பனில் ஒரு பிள்ளைக்கு, வாப்பாவையோ அப்பாவையோ பார்க்கப் பார்வையாளர் வரிசை என்று ஒன்றே கிடையாது. பஸ் இல்லை, கம்பிவலை இல்லை, எண்பத்தாறை ஆறு என்று கேட்கக்கூட ஆள் இல்லை. இதே நிலையில் நமது சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்துக் கலக்காரரின் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள், தகப்பன் சென்னைப் புழல் சிறையில் இருந்த காலத்தில். இரண்டு நாட்டுக்கும் 2010இல் கைதிகளை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்று கைச்சாத்தானது. அது தண்டனை பெற்றவருக்கு. வழக்கு முடியாமல் இருப்பவரின் பிள்ளைக்கு ஒரு வீடியோ அழைப்பு ஏற்பாடு செய்ய ஒப்பந்தம்கூடத் தேவையில்லை. ஒரு தொலைபேசியும், மேலே இருந்து ஒரு சுற்றறிக்கையும் போதும்.

தண்டனை விதிக்கும் நேரத்தைப் பற்றி ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். ரோமன் டச்சுச் சட்டம் நம்மைப் போலவே தென்னாபிரிக்காவிலும் இருக்கிறது. 2007இல் அங்கே அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு ஒரு தாயின் வழக்கு வந்தது. பெயரை மறைத்து 'எம்' என்றுதான் தீர்ப்பில் இருக்கிறது. மோசடிக் குற்றம், அதுவும் முதல் தடவை அல்ல. தனியாக மூன்று ஆண்பிள்ளைகளை வளர்ப்பவர். நீதியரசர் அல்பி சாக்ஸ் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, பிள்ளைகளைத் தனியாகப் பராமரிக்கும் ஒருவருக்குத் தண்டனை விதிக்கும்போது அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கும் என்று நீதிமன்றம் தானாகவே விசாரித்துப் பார்க்க வேண்டும் என்றது. அந்தத் தாய்க்குச் சிறைக்குப் பதில் கண்காணிப்பு, சமூக சேவை, ஏமாற்றிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தல். அந்தத் தீர்ப்பு நின்றது அவர்களின் அரசியலமைப்பின் 28ஆம் பிரிவில். நமது அரசியலமைப்பில் அப்படி ஒரு பிரிவு இல்லையே என்று சொல்வீர்கள். நமக்கு 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்துக்கான ஐசிசிபிஆர் சட்டம். அந்தப் பெயர் கேட்டதும் சிலர் முகம் மாறுகிறது, ஏனென்றால் முகநூலில் எழுதியதற்கு ஆட்களைப் பிடிக்கிற சட்டமாகத்தான் அதன் 3ஆம் பிரிவு நமக்குப் பழக்கம். இரண்டு பிரிவு தள்ளி 5ஆம் பிரிவை வாசியுங்கள். பிள்ளைகள் சம்பந்தமான எந்த விடயத்திலும், நீதிமன்றம் உட்பட, பிள்ளையின் நலனே முதன்மை என்று எழுதியிருக்கிறது. ஒரே சட்டம். பிடிப்பதற்கு உதவுகிற பக்கத்தைத்தான் புரட்டிப் பழகியிருக்கிறோம்.

ஆகவே, புதுச் சட்டம் கொண்டுவாருங்கள் என்று நான் யாரிடமும் கெஞ்சவில்லை. ஒருவரை முதன்முதல் நீதவான் முன் நிறுத்தும்போதே பொலிஸ் அறிக்கையில் ஒரு வரி கூடுதலாக இருக்கட்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் உண்டா, இப்போது யாரோடு நிற்கிறார்கள்? மண்டேலா விதிகளின் 7ஆவது விதி, சிறைக் கோவையிலேயே பிள்ளைகளின் பெயர், வயது, இருப்பிடம், யார் கட்டுக்காப்பில் என்பதைப் பதியச் சொல்கிறது. பெண் கைதிகளுக்கான 2010ஆம் ஆண்டு பாங்கொக் விதிகள் இன்னும் மேலே போய், உள்ளே எடுப்பதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்ய அந்தத் தாய்க்கு அவகாசம் கொடுக்கலாம் என்கின்றன. பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பணியகம் இருக்கிறது, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பதில் அவர்களின் மேசைக்குப் போகட்டும். முதல் நாள் கேட்க மறந்தால் 14ஆம் நாள் கேட்கலாம், 28ஆம் நாள் கேட்கலாம். விளக்கமறியல் நீடிக்கிற ஒவ்வொரு தடவையும் கேட்பதற்கு ஒரு சந்தர்ப்பம் வருகிறது. அதுவரை நீங்களும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். பக்கத்து வீட்டில் ஒருவரைப் பிடித்தால் என்ன வழக்கு, எத்தனை கிராம் என்றுதான் நாமெல்லோரும் முதலில் விசாரிக்கிறோம்.

அந்தக் குடும்பத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மூன்று வருடத்துக்குக் கிட்ட ஆனது. பகுப்பாய்வாளர் அறிக்கை தாமதம், சாட்சி வராத தவணை, நீதிபதி மாற்றம், எல்லாம் இருந்தது. கடைசியில் வழக்கு நிற்கவில்லை, அவனை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவன் முதலில் என் கந்தோருக்குத்தான் வந்தான், வீட்டுக்குப் போகப் பயந்து. மகளுக்கு இப்போது ஏழு வயது. அவளைப் பொறுத்த மட்டில் வாப்பா கட்டாரில். பையனுக்கு உண்மை தெரியும், ஆனால் தங்கச்சியிடம் அவனும் சொல்லவில்லை.

"சேர், அவ என்ன கொண்டு வந்தீங்கன்னு கேட்டா என்ன செய்றது?" என்றான்.

நான் சட்டத்தரணி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு பேருமாகப் புத்தளம் கடைத்தெருவுக்கு நடந்தோம். ஒரு நிடோ டின், ஒரு டாங் போத்தல், ஒரு பெட்டி சொக்லட் வாங்கினான். காசில் பாதி நான் கொடுத்தேன். கடை வாசல் திண்ணையில் உட்கார்ந்து, டின்னின் அடியில் ஒட்டியிருந்த ரூபாய் விலைச் சிட்டையை நகத்தால் சுரண்டத் தொடங்கினான். லேசில் வரவில்லை. எச்சில் தொட்டுத் தொட்டு, கற்பிட்டி பஸ் வருகிற வரைக்கும் சுரண்டிக்கொண்டே இருந்தான்.